வாசிக்கப்படாத பெயர்

— ஒரு பேர விட்டுட்டீங்க, உபதேசியாரே.

— எதையும் விடவில்லை, நவமணி. நாற்பத்திரண்டு பெயர்கள். ஒவ்வொன்றின்மீதும் விரலை வைத்தே வாசித்தேன்.

— போன கல்லறைத் திருநாளுக்கு நாப்பத்து மூணு. இந்த வருஷம் நம்ம தோட்டத்துல செத்தவங்க யாரும் எந்திரிச்சு வரலையே.

— மழை வரும்போல் இருக்கிறது. மற்றவர்கள் லோரியில் ஏறிவிட்டார்கள். நீயும் சென்றால் நனையாமல் லயத்து வீட்டை அடையலாம். நான் மெழுகுவத்திகளை அணைத்துவிட்டு வருகிறேன்.

— லோரி போவட்டும், நான் நடந்துக்கிறேன். அம்மாக்கண்ணு பேரு எங்க?

— அப்பெயர்...

— என் தங்கச்சி பேரு. நாங்க இந்த மலைக்கு வந்ததுலேருந்து, பதிமூணு வருஷமா நீங்கதான் படிக்கிறீங்க. அந்தோணிக் கெழவருக்கு அடுத்து, இராசம்மாவுக்கு முந்தி.

— பட்டியல் நீண்டுவிட்டது. ஆகவே, பழைய பெயர்களில் சிலவற்றை...

— சிலவற்றை இல்ல லா, ஒண்ணே ஒண்ணு. பொய் சொல்லுறப்பகூட உங்களுக்குப் புத்தகத் தமிழ்தான் வருது.

— நாற்பது வயதில், முதியோர் வகுப்பில், சிறுபிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி அமர்ந்து கற்ற தமிழ் இது. எளிதில் கைவிட மாட்டேன்.

— தெரியும், தெரியும். அந்த பெஞ்சுக் கதைய ஞாயித்துக்கெழமைதோறும் கேக்குறோமே.

— சிரிக்கிறாய். ஆனால் உன் கண்கள் கலங்கியிருக்கின்றன.

— பனி எறங்குது, அதான். போன வாரம் சாமியார் வரலைன்னு நீங்க பிரசங்கம் வச்சீங்களே. கடவுள நம்புறது வேற, கடவுள அறியிறது வேறன்னு.

— வைத்தேன். பங்களாவில் பெரிய துரை இருக்கிறார் என்று தோட்டத்தில் அனைவரும் நம்புகிறோம். அதனாலேயே அவரை அறிந்தவர்கள் ஆகிவிடுவோமா என்று கேட்டேன்.

— அத்தோட விட்டிருந்தா நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேன். அப்புறம் ஒண்ணு சொன்னீங்க பாருங்க.

— நாம் கடவுளை அறிவதற்கு முன்பே, அவர் நம்மைப் பெயரோடு அறிந்திருக்கிறார் என்று சொன்னேன்.

— எந்தப் பேரோட?

— கேள்வி விளங்கவில்லை.

— நம்புறதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல, உபதேசியாரே. அவரு இருக்காரு. மேட்டுல பங்களா இருக்குற மாதிரி, தெனமும் கொழுந்து எடுக்குறப்ப நிமிந்து பாத்தாத் தெரியுது. ஆனா முட்டி போட்டு, ஆண்டவரே, நவமணி வந்திருக்கேன்னு சொன்னா, அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அடுத்தவ சட்டையப் போட்டுக்கிட்டு வாசல்ல போயி நிக்கிற மாதிரி இருக்கு.

— உன் பெயரில் என்ன குறை?

— அது என் பேரு இல்ல. நவமணி எங்க அக்கா.

— இக்கல்லின்மேல் அமர்ந்து பேசு. ஈரமாக இருக்கிறது, என் துண்டை விரிக்கிறேன்.

— வேணாம், நின்னுக்கிட்டாத்தான் சொல்ல முடியும். கீழ பேராக்குல, ரப்பர் தோட்டத்துல இருந்தோம். அக்கா இந்த நாட்டுலயே பொறந்தவ, குடியுரிமை உண்டு, நீல ஐசி. அம்மா கடல் தாண்டி சொந்த ஊருக்குப் போயிருந்தப்ப நான் பொறந்தேன். மூணு மாசக் கொழந்தையா கப்பல்ல வந்தவ, குடியுரிமை இல்ல, செவப்பு ஐசி. எழுபதுல பெர்மிட் கெடைக்காத செவப்பு ஐசிக்காரவங்கள வேலைய விட்டு நிறுத்துனாங்களே, அப்ப எங்க லயத்துலயே பாதிக் குடும்பம் கப்பலேறிருச்சு. என்னையும் அனுப்பணும்னு பேச்சு. அங்க எனக்கு யாரத் தெரியும்? அந்த மாசந்தான் அக்காவுக்குக் காய்ச்சல் வந்துச்சு. மூணாம் நாளு போயிட்டா.

— உன் தந்தையார் அடையாள அட்டைகளை மாற்றிவிட்டார்.

— சாவு எழுதுற எடத்துல என்னோடத நீட்டுனாரு. அக்காவோடத எங்கிட்ட குடுத்து, இனிமே நீதான் நவமணின்னு சொன்னாரு. தெரிஞ்ச மொகம் ஒண்ணுகூட இல்லாத எடமாப் பாத்து, அந்த வாரமே மலைக்கு வந்துட்டோம்.

— வேறு எவரும் அறியார்களா?

— அம்மா முன்னமே போயிட்டாங்க, அப்பாவுக்கு மட்டுந்தான் தெரியும். கதவச் சாத்திக்கிட்டு, மெதுவா அம்மாக்கண்ணுன்னு கூப்பிடுவாரு. சோறு போடத்தான் கூப்பிடுவாரு. அதுவே போதும்னு இருந்துச்சு. அவரும் போயி ஆறு வருஷம் ஆச்சு.

— செல்வராஜை மணக்க மறுத்தாயே. நானே இருமுறை வந்து பேசினேன்.

— நல்ல மனுசன்தான். ஆனா சாமியார் முன்னால, பீடத்துக்கு முன்னால நின்னு, நவமணியாகிய நான்னு எப்படிச் சொல்லுறது? செத்துப்போனவ பேருல தாலி கட்டிக்கவா?

— இத்தனை ஆண்டுகள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

— யாருகிட்ட சொல்லுறது? ஞானஸ்நானத்துல அம்மாக்கண்ணுங்கிற பேர்லதான் என் தலையில தண்ணி ஊத்துனாங்க. ஆண்டவருக்குத் தெரிஞ்சது அந்தப் பேருதான். அதத்தான் குழியில போட்டு மூடிட்டோம். அப்பா போனப்புறம் வருஷத்துல ஒரு நாளு, செத்தவங்க பட்டியல்ல, உங்க வாயாலதான் அதக் கேக்குறேன். அந்த ஒரு நிமிஷம் அவரு திரும்பி என்னப் பாக்குற மாதிரி இருக்கும். அதையும் எடுத்துட்டீங்க.

— அதற்காகவா காத்திருந்தாய்? நான் அதை எண்ணிப் பார்க்கவில்லை.

— சாமியாருகிட்ட சொல்லணுமா, சொல்லிக்குங்க. பொலீசுகிட்ட சொல்லணுமா, அதையும் சொல்லிக்குங்க. அடுத்த வருஷம் அந்தப் பேர மட்டும் படிச்சிருங்க.

— படிக்க மாட்டேன்.

— உங்களக் கையெடுத்துக் கும்புடுறேன்.

— கைகளை இறக்கு. ஒன்று கேட்கிறேன். காலையில் பெரட்டில் கங்காணி உன் பெயரை அழைத்தால், எவ்வாறு பதில் அளிக்கிறாய்?

— இது என்னா கேள்வி? ஆளு வந்திருக்கான்னு பாக்கக் கூப்பிடுறாரு, இருக்கேன்னு சொல்லுவேன். எல்லாரும் அப்படித்தானே.

— அழைத்தவுடனேயா?

— ரெண்டாவது தடவைதான். காது மந்தம்னு ஏசுவாரு. மூணாவது தடவைக்குப் போனா கூடையாலயே அடிப்பேம்பாரு.

— சாம்பசிவக் கங்காணி அதை என்னிடமும் கூறி வருந்தினார். உனக்குக் காது மந்தமில்லை என்பதை நான் அறிவேன்.

— எப்படி?

— என் மனைவி இறந்த பிறகு, வீட்டில் பார்ப்பதற்கு எனக்கு முகங்கள் இல்லை. ஆகவே, பட்டியலில் ஒரு பெயரை வாசித்தால், அக்குடும்பத்தாரைத் தலைநிமிர்ந்து பார்க்கும் பழக்கம் ஏற்பட்டது. அம்மாக்கண்ணு என்று நான் வாசித்தவுடன், மூச்சுவிடும் நேரம்கூட ஆகாமல், உன் உதடுகள் அசையும். சத்தம் வராது.

— வேண்டிக்கிட்டிருந்திருப்பேன்.

— நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியவன் அல்லவா? சில ஆண்டுகளில் உன் உதடுகளையும் கூட்டிப் படித்துவிட்டேன். பெரட்டில் சொல்வதையே அங்கும் சொல்கிறாய். முதல் அழைப்பிலேயே சொல்கிறாய்.

— அலாமா... நானா? இருக்கேன்னா சொன்னேன்?

— ஒவ்வோர் ஆண்டும்.

— எனக்கே தெரியலையே.

— உன் தந்தையாரை அடக்கம் செய்த ஆண்டில் எனக்கு ஐயமின்றி விளங்கிவிட்டது. அதன் பின்னரும் ஐந்து ஆண்டுகள் வாசித்தேன். அது என் கோழைத்தனம். பதில் சொல்கிறவளை இறந்தவர்களின் நடுவில் வைத்து இன்னும் எத்தனை முறை அழைப்பேன்? இவ்வாண்டு என் நாக்கு மறுத்துவிட்டது.

— அப்ப அக்கா? பதிமூணு வருஷமா அவ பேருக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தலையே, உபதேசியாரே. அவ என்னா பாவம் செஞ்சா?

— இன்று நாற்பத்திரண்டு பெயர்களையும் வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடிய பின், சற்று நேரம் பேசாமல் நின்றேன். நினைவிருக்கிறதா?

— இருக்கு. அடுத்த வரி மறந்துபோச்சுன்னு பின்னால சிரிச்சாங்க.

— அது நவமணிக்காக.

— நீங்க... தெரிஞ்சுக்கிட்டே, இத்தன வருஷமும் என்ன நவமணி நவமணின்னு கூப்பிட்டீங்களே.

— தோட்டம் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது லோரி போய்விட்டது.

— அவருக்கும் தெரிஞ்சிருக்குமா? மேல இருக்குறவருக்கு?

— பிரசங்கம் செய்தவன் நான். ஆயினும் உண்மையைச் சொல்கிறேன்: கடவுளை நம்புகிறேன். அறிந்திருக்கிறேன் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல எனக்கு இன்றுவரை துணிவு வந்ததில்லை. மனைவி போன பிறகு அந்த வீட்டில் எத்தனையோ முறை அவரைக் கூப்பிட்டிருக்கிறேன். ஆனால் கண்ணாடி இல்லாமல் சொந்தக் கையெழுத்தே தெரியாத எனக்கு, கடைசி வரிசையில் இருந்த உன் உதடு தெரிந்திருக்கிறது. அது என் பார்வையாக இருக்க முடியாது.

— மழை வந்துருச்சு.

— சிறிது நேரம் கோயிலுக்குள் ஒதுங்கலாம். அம்மாக்கண்ணு.

— இருக்கேன்.