ஓவர்ஜாய்டுக்கு முன்னால் ஒரு வெரி

“ஹலோ… வினோதா டீச்சருங்களா? நான் நாகலெட்சுமி பேசுறேன், மேல் லயத்து வீடு… ஆமாங்க, ஆமாங்க, தனுஷனோட அம்மா. பாடம் நடக்குதுங்களா?… ஒரு நிமிசம் மட்டும்ங்க.”

கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்தில் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில்தான் சிக்னல் கிடைக்கும். நாகலெட்சுமி அங்கே தூறலில் நனைந்துகொண்டு நின்றாள். அவள் பிறப்பதற்கு முன்பே, கைக்குழந்தையாக ஒரு சுவிஸ்காரத் தம்பதிக்குக் கொடுக்கப்பட்ட அவளுடைய அக்கா, எப்படியோ ஊரைத் தேடிக் கண்டுபிடித்து, இன்று முதல் தடவையாக வருகிறாள். வேன் டவுனைத் தாண்டிவிட்டது. அக்காவுக்குத் தமிழ் தெரியாதாம். நாகலெட்சுமிக்கு ஆங்கிலம் வராது.

“ரொம்ப சந்தோசமா இருக்கேன்னு இங்கிலீசுல எப்பிடிங்க சொல்றது?… ஐ ஆம் எக்சைட்டிங்னு மகன் சொன்னான்… தப்புங்களா? அப்பிடிச் சொன்னா நான் வித்தை காட்டப்போறேன்னு ஆயிருமா?… எக்சைட்டட். டட். சரிங்க, சரிங்க… இல்ல டீச்சர், அது பத்தாது. பஸ்ஸு வந்தாக்கூட அதத்தானே சொல்லுவாங்க. இது அக்காங்க.”

டீச்சர் யோசித்து முடிக்கும்வரை அவள் முந்தானையால் போனைத் துடைத்துக்கொண்டாள்.

“ஒம்போதாவது மேகத்து மேல இருக்கேன்னா?… டீச்சர், இங்க முழங்கால் வரைக்கும் மேகம். நெசமாவே மேகத்துல நிக்கிறேன்னுதான் அந்தம்மா நெனைக்கும்… ஐயோ, நிலாவுக்கு மேலயும் வேணாம்ங்க.”

கீழே வளைவில் ஹாரன் கேட்டது.

“சீக்கிரம் சொல்லுங்க… ஓவர்ஜாய்ட். ஆ, இது நல்லாருக்கு. ஐ ஆம் வெரி ஓவர்ஜாய்ட்… ஏங்க, வெரி போடக் கூடாதா?… ஓவர்லயே எல்லாம் அடங்கிருச்சுங்களா?”

அவள் குரல் இறங்கியது.

“எங்கம்மா சாகுற வரைக்கும் அந்தப் புள்ளைய நெனச்சு அழுதுச்சுங்க. ஒரு வெரி கூடவா போடக் கூடாது?… ம்… ம்… சரிங்க. இல்லாமலே சொல்றேன்.”

வேன் நின்றது. கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண் இறங்கிச் சேற்றில் வழுக்கி, நிமிர்ந்தாள்.

“வந்துட்டாங்க டீச்சர். எங்கம்மா நெத்தி அப்பிடியே…”

நாகலெட்சுமி வாயைத் திறப்பதற்குள் வந்தவள் அவளுடைய ஒரு கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எதையோ சொல்லி முடித்தாள். மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்க வேண்டும். அவளுக்கு வியர்த்திருந்தது.

“…டீச்சர், தமிழ் பேசுறாங்க. ‘எனக்கு ரொம்ப சந்தோசம் பசிக்குது’ங்கிறாங்க… இல்லைங்க, போனக் குடுக்க மாட்டேன். நீங்க திருத்த வேணாம்… சரியாத்தாங்க சொல்லியிருக்காங்க.”

போனை வைத்துவிட்டு, பிடித்த கையை விடாமல் அக்காவை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.