பதினாலாம் குடுவை

— எத்தனை?

— எண்ணவே வேண்டாங்க. தட்டு வழுக்கை மண்டை மாதிரி இருக்கு.

— மூணு புள்ளி தெரியுதே, டாக்டரம்மா.

— நமக்கு வேண்டியது முந்நூறு! சோயா மாவைக் கூட்டியாச்சு, குறைச்சாச்சு, வெல்லப்பாகை மாத்தியாச்சு. இந்த உரக் கிருமிங்க தின்னு கொழுக்குதுங்களே தவிர, ஒண்ணாவது ஓடு கட்டி ஸ்போரா மாறுதா? ஸ்போர் இல்லாம காயவெச்சுப் பொடியாக்கினா பாக்கெட்டுல பிணம்தான் இருக்கும்.

— அட விடு. இன்னிக்கு அஞ்சு மணியோட லேபை ஒரேயடியா இழுத்துப் பூட்டுறாங்க. குடுவையெல்லாம் கழுவிடறேன்.

— பதினாலைத் தொடாதீங்க. அது வீட்டுக்கு வருது.

— வீட்டுக்கா?

— சமையல் ரூம்ல குக்கர் இருக்கு, கூடமாட நீங்க இருக்கீங்க. வேறென்ன வேணும்?

— உங்கண்ணன் அவர் காலேஜ்ல உனக்கு வேலை இருக்குன்னாரே?

— வேண்டாம்னு காலையிலேயே சொல்லிட்டேன். கோவத்துல ஃபோனை வெச்சுட்டார்.

— ஐயோ, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

— கேட்டா தடுப்பீங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி இந்தக் குடுவையில முந்நூத்திப் பன்னெண்டு ஸ்போர்ப் புள்ளி வந்துச்சா இல்லையா?

— வந்துச்சு.

— எண்பது டிகிரி வெந்நீர்ல பத்து நிமிஷம். சாதாரணக் கிருமி செத்துடும், ஸ்போர் மட்டும்தான் தாங்கும். அன்னிக்கு சூடாக்காததுலயும் முந்நூத்திப் பன்னெண்டு, சூடாக்கினதுலயும் முந்நூத்திப் பன்னெண்டு. நூத்துக்கு நூறு! ஒரு தடவை வந்தது மறுபடி வராதா?

— வராதும்மா.

— ஏன் வராது? சொல்லுங்க பார்ப்போம்.

— அன்னிக்கு என் ஃபோன் செத்துப்போச்சு. எங்கம்மாகிட்ட அவசரமாப் பேசணும். ஒரே ஒரு பிளக் பாயிண்ட்.

— அதுக்கு?

— வெந்நீர்த் தொட்டியோட பிளக்கைப் பிடுங்கிட்டேன். திரும்ப மாட்ட மறந்துட்டேன். நீ வெச்சது பச்சைத் தண்ணியில.

— அப்போ... எதுவும் சாகவே இல்லை.

— இல்லை.

— முந்நூத்திப் பன்னெண்டுல ஒண்ணுகூட ஸ்போர் இல்லை.

— தெரியலை. இருந்தா ரெண்டு மூணு இருந்திருக்கும்.

— எப்போ தெரியும் உங்களுக்கு?

— மறுநாளே. நீ எண்ணி முடிச்சப்போ.

— மூணு வருஷம்! ராத்திரி பகல் பார்க்காம நான் மாவு கரைச்சதை வேடிக்கை பார்த்துட்டு இருந்தீங்களா? குழந்தைகூட இப்போ வேண்டாம்னு தள்ளிப் போட்டோமே! அன்னிக்கே வாயைத் திறந்திருந்தா என்ன?

— திறக்கத்தான் ஓடி வந்தேன். நீ தட்டைக் கையில வெச்சுக்கிட்டு, "ஒரு மாசமா கேட்டுட்டே இருந்தீங்களே, சரி, கட்டிக்கலாம்"னே.