துவாரகாவுக்காக எழுதிய கடிதங்கள்

எங்கள் கிளினிக்குக்கு வருகிற எவரையும் தேநீர் கொடுக்காமல் நான் அனுப்பியதில்லை. அதனால்தான் உங்களுக்கும் ஊற்றினேன். குடியுங்கள். அந்தப் பதிவுக் கருவியை மேசையில் எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், எனக்குக் கூச்சம் இல்லை. விசாரணைக்குத் தமிழ் தெரிந்த ஒருவரை உங்கள் மருத்துவர் சபை அனுப்பியது நல்லது. ஆங்கிலத்தில் சொன்னால் இது வேறு மாதிரிக் கேட்கும்.

நான் கிளடிஸ், டொக்டர் றோய் அமிர்தநாதரின் மனைவி. ஸ்காபரோவில் அவர் இந்தக் கிளினிக்கைத் திறந்த நாளிலிருந்து முன்மேசையில் இருப்பவள் நான்தான். அவர் நோயாளிகளைப் பார்ப்பார், மற்றதெல்லாம் என் பொறுப்பு. அவருக்கு வரும் மின்னஞ்சலையும் நானே திறப்பேன். அவர் ஒற்றை விரலால் தட்டுகிறவர். அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். முடிந்ததும் "சரி, அனுப்பிவிடு" என்று அடுத்த நோயாளியைக் கூப்பிடப் போய்விடுவார். திரும்ப வாசித்துப் பார்க்கமாட்டார். நான் அவரை ஒருநாளும் ஏமாற்றியதில்லை, ஆகவே வாசிக்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகள் தங்களை அறிந்த ஒரு டொக்டரின் பரிந்துரையைத் தேடுவார்கள். பிள்ளை டொக்டரின் மின்னஞ்சல் முகவரியைக் கொடுக்கும். கடிதத்தை எழுதி அனுப்பக் கல்லூரியிலிருந்து அவருக்கு ஓர் இணைப்பு வரும். அதற்குள் அவர் என்ன எழுதுகிறார் என்பதைப் பிள்ளை பார்க்க முடியாது. எங்கள் சனங்கள் இதைப் பற்றி யோசிப்பதே இல்லை. தமிழ் டொக்டர், தெரிந்த டொக்டர், நல்லதைத்தானே எழுதுவார் என்று நம்புவார்கள். கோடை முடிகிற நேரம் தாயும் தகப்பனும் மாம்பழப் பெட்டியோடு வந்து நிற்பார்கள்.

துவாரகாவின் தகப்பன் ஸ்ரீஸ்கந்தராசாவும் அப்படித்தான் வந்தார். மிசிசாகாப் பக்கம் விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றி இறக்குகிற மனிதர். வேலை உடுப்போடு வாசலில் நின்றபடியே பேசினார்.

"டொக்டர், என்ரை பிள்ளையின்ரை கடிதத்துக்குக் கொஞ்சம் உப்புப் புளி கூடப் போட்டு எழுதிவிடுங்கோ."

"சமையல் எல்லாம் கிளடிஸ்தான். எனக்குச் சாப்பிட மட்டும்தான் தெரியும்," என்றார் றோய்.

"அப்ப அக்கா, எல்லாம் உங்கடை கையிலைதான் இருக்கு."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்த நேரத்தில் என் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இருக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

துவாரகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது தொண்டராக வந்தாள், படிப்பு முடிந்ததும் எங்களிடமே வேலைக்குச் சேர்ந்தாள். அவளுக்கு முன்னும் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். ஜூலியன் வந்தான், கௌசி வந்தாள். கடிதம் கிடைக்கும்வரை அன்ரி அன்ரி என்பார்கள். கிடைத்த பிறகு ஒரு நத்தார் வாழ்த்துக்கூட வராது. நாலு வருடத்துக்கு முன் ஒஷாவாவில் என் தங்கையை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனபோது அங்கே டொக்டராக நின்றது ஜூலியன். திரையைப் பார்த்தபடி என்னிடம் உறவுமுறை என்ன என்று கேட்டான். என் கையால் எத்தனை தேநீர் குடித்தவன்.

துவாரகா அந்த வகை இல்லை. எங்களிடம் வரும் சிவபாதம் அண்ணைக்குச் சர்க்கரை வியாதி. மனைவி இறந்த பிறகு நிலக்கீழ் அறையொன்றில் தனியாக இருக்கிறார். சப்பாத்தைக் கழற்றச் சொன்னால் எழும்பிப் போய்விடுவார், கால் மணக்கும் என்ற வெட்கம். ஒரு மாரியில் உறைபனிச் சேற்றுக்குள்ளால் நடந்து வந்திருந்தார். துவாரகா நிலத்தில் முழங்கால் குத்தி, "தாத்தா, உங்கடை சொக்ஸ் நனைஞ்சுபோச்சு, நான் காயப்போட்டுத் தாறன்," என்று சொல்லி மெதுவாகக் கழற்றினாள். சுண்டுவிரல் கறுத்திருந்தது. றோய் அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். விரல் போனது, கால் தப்பியது. அடுத்த தடவை அவள் தன் பையில் தடித்த சொக்ஸ் ஒரு சோடி கொண்டுவந்து அவருக்குப் போட்டுவிட்டாள். அதன் பிறகு திங்கட்கிழமைகளில் அவர் காலுக்கு மருந்து கட்டுவது அவள்தான். வேறு யாரையும் அவர் தொடவிடமாட்டார்.

உலகம் பெரிய காரியங்களால் நிற்பதில்லை. அப்படிப்பட்ட சின்ன அன்புகளால்தான் நிற்கிறது. நான் அதை முழு மனதோடு விசுவாசிக்கிறவள். மருத்துவக் கல்லூரி அவளை எடுத்து, பத்து வருடத்தில் இன்னொரு ஜூலியனாகத் திருப்பித் தரும். அது யாருக்கு லாபம்?

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அவள் விண்ணப்பித்த முதல் வருடம் கடிதத்துக்கு றோய் சொன்ன வசனம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான் நோயில் கிடக்கும் நாளில் இந்தப் பெண்தான் என் டொக்டராக வரவேண்டும் என்று விரும்புவேன் என்றார். அழகான வசனம். அடித்தேன். அவர் அடுத்த அறைக்குப் போனதும் அதை அழித்துவிட்டு, நல்ல பிள்ளை, பக்குவப்பட இன்னும் காலம் எடுக்கும் என்று எழுதினேன். மதிப்பீட்டுப் படிவத்தில் அவர் அதியுயர் என்று சொன்ன இடங்களில் சாதாரணம் என்று குறித்தேன். பொய் ஒன்றும் எழுதவில்லை. யாருக்குத்தான் பக்குவப்படக் காலம் எடுக்காது?

இடம் கிடைக்கவில்லை என்று தெரிந்த அன்று அவள் மருந்து அலுமாரிக்குப் பின்னால் நின்று அழுதாள். நான் அணைத்துக்கொண்டேன்.

"அன்ரி, நான் என்ன பிழை விட்டன் எண்டு ஆராவது சொன்னாத் திருத்தலாம். ஒருத்தரும் சொல்லமாட்டினமாம். இற்ஸ் சோ அன்ஃபேர்."

"ஆண்டவருக்கு ஒரு நேரம் இருக்குப் பிள்ளை."

அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றி அவளுக்காக மன்றாடினேன். நடிப்பு இல்லை. நான் செய்தது பிழையென்றால் அதை மீறி அவளுக்கு இடம் கிடைக்கச் செய்யும் என்று கேட்டேன். அந்தோனியார் பதக்கம் ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன். பிள்ளையார் கும்பிடுகிற வீட்டுப் பிள்ளை, இருந்தாலும் தன் சங்கிலியில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் கோத்துக்கொண்டாள். "ரண்டு பேரும் சண்டை பிடிக்காமல் இருந்தாச் சரி, அன்ரி," என்று சிரித்தாள்.

இரண்டாம் வருடம் இன்னொரு வசனத்தைச் சேர்த்தேன். நோயாளிகளின் துயரத்தில் நிதானம் இழக்கிறவள் என்று. அதற்கும் ஆதாரம் இருந்தது. ஒரு கிழவி இறந்தபோது அழுதாளே. அந்த வருடமும் கிடைக்கவில்லை. நான் மறுபடி அணைத்துக்கொண்டேன். நான் செய்ததைக் கடவுள் மறுக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கோடையில் ஸ்ரீஸ்கந்தராசா என்னைத் தனியாகக் கண்டு கேட்டார். "அக்கா, மறைக்காமல் சொல்லுங்கோ. பிள்ளையிலை ஏதும் குறை இருக்கோ? வீட்டிலை அவள் சாப்பாட்டு மேசைக்கே வாறேல்லை. நான் படிக்காதவன், எனக்கு விளங்காது. நீங்கள் கிட்ட இருந்து பாக்கிறனீங்கள்."

ஒரு குறையும் இல்லை என்றேன். அது உண்மை. அவர் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றினார்.

மூன்றாம் வருடம் அவள் நுழைவுச் சோதனையைத் திரும்ப எழுதி மிக உயர்ந்த புள்ளி எடுத்திருந்தாள். "அன்ரி, இந்த முறையும் இல்லையெண்டா ஐ ஆம் டன். இனி அப்ளை பண்ணமாட்டன். அப்பாவின்ரை முகத்தைப் பாக்க ஏலாமல் இருக்கு," என்றாள். எனக்கு இரண்டு விடயம் விளங்கியது. இதுதான் கடைசித் தடவை. இம்முறை மெல்லிய வார்த்தைகள் போதாது.

அதனால், அனுமதி பெறாமல் ஒரு நோயாளியின் மருத்துவக் கோப்பை அவள் திறந்தாள் என்று எழுதினேன். சிவபாதம் அண்ணையின் கோப்பு. அவர் மகனுடைய இலக்கத்தைப் பார்த்து ஒருநாள் அவள் தொலைபேசி எடுத்தாள். திறந்தது உண்மை. திறக்கச் சொன்னவள் நான் என்பதை மட்டும் எழுதவில்லை. மருத்துவம் படிக்க வருகிறவர்மேல் அதைவிடப் பெரிய கறை இல்லை என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அப்போதே எனக்கும் தெரியும்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் நான் சிலுவைப் பாதை வழிபாட்டுக்குப் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்துக் கல்லூரியிலிருந்து, இவ்வளவு பாரதூரமான விடயத்தை உறுதிப்படுத்த வேண்டும் என்று தொலைபேசி வந்திருக்கிறது. றோய் எடுத்திருக்கிறார். நான் மீன் பணிஸ் வாங்கிக்கொண்டு திரும்பியபோது அவர் தன் கதிரையில் இல்லை, நோயாளிகள் இருக்கும் கதிரையில் இருந்தார்.

"இது நீ எழுதினதோ?"

"ஓம்."

"மற்ற ரண்டு வருஷமும்?"

"ஓம்."

"ஏன் கிளடிஸ்?"

"அவள் போனா சிவபாதம் அண்ணையின்ரை காலை ஆர் பாக்கிறது?"

 "கேட்டிருந்தா நான் ஒரு நேர்ஸைப் பிடிச்சிருப்பன்," என்றார்.  பணிஸ் அப்படியே ஆறிப்போனது.

அடுத்த திங்கட்கிழமை அவர்தான் அவளுக்குச் சொன்னார், கட்டுப்போடும் அறைக்கு வெளியில் வைத்து. நான் முன்மேசையில் இருந்தேன். அவள் உள்ளே போய்ச் சிவபாதம் அண்ணையின் காலுக்குக் கட்டி முடித்தாள், சொக்ஸ் போட்டுவிட்டாள், கை கழுவினாள். பிறகு சங்கிலியிலிருந்து அந்தோனியாரைக் கழற்றி, தேநீர்க் கேத்திலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அன்ரி, நான் உங்களிட்டைத்தானே கேட்டன், என்ன பிழை எண்டு."

சத்தம் போடவில்லை. அதுவும் அவளுடைய நல்ல குணம். கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். தகப்பன் வெளியே காருக்குள் காத்திருந்தார். கண்ணாடிக்குள்ளால் எனக்குக் கை காட்டினார். அவருக்கு இன்னும் தெரியாது.

அதன் பிறகுதான் றோய் தானாகவே உங்கள் சபைக்கு அறிவித்தார். தன் பெயரில் போன கடிதங்களுக்குத் தானே பொறுப்பாம். அவருடைய அனுமதிப் பத்திரம் போகலாம் என்கிறார். உண்மை தெரிந்தாலும் இந்த வருட நேர்முகத் தேர்வுகள் முடிந்துவிட்டனவாம், இனி அவளுக்கு இடமில்லையாம். ஆகவே தெளிவாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். மூன்று வருடமும் மாற்றியவள் நான். அவர் சொன்னதை அழித்தேன், என்னுடையதை வைத்தேன், அவர் பெயரில் அனுப்பினேன். கடைசியில் எழுதியது அவதூறு என்று தெரிந்தே எழுதினேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. அவளிடம் ஒரு குறையும் இல்லை.

உங்கள் தேநீர் ஆறிவிட்டது. இருங்கள், வேறு ஊற்றுகிறேன்.

இதோ அந்தப் பதக்கம், துடைத்து வைத்திருக்கிறேன். சிவபாதம் அண்ணை இரண்டு திங்கட்கிழமைகளாக வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே இருந்துவிட்டுப் போகிறார். றோய் பிடித்த நேர்ஸ் கெஞ்சிப் பார்த்தாள். அவர் கதவைத்தான் பார்க்கிறார். துவாரகாவையும் நீங்கள் விசாரிப்பீர்கள்தானே. அப்போது இந்தப் பதக்கத்தைக் கொடுத்து, அன்ரிக்கு உன்மேல் கோபம் ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கள். அடுத்த வருடத்துக் கடிதத்தை நானே இருந்து மனதார நல்லதாக எழுதித் தருவேன். அதுவரைக்கும் திங்கட்கிழமைகளில் மட்டும் வந்தால் போதும்.