பளிங்கர் போன இடம்

மார்ச் 14, செவ்வாய்

இன்றைய தவறு: அலுவலகத்துக்கு வந்த ஒரு அம்மாவிடம் சர்க்கரை போடலாமா என்று கேட்காமலே டீ கொடுத்துவிட்டேன். இரண்டு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். அந்த வயதில் பலருக்கும் சர்க்கரை நோய் இருக்கும். கேட்டிருக்க வேண்டும்.

முதலில் அன்றைய தவறு, பிறகு அது ஏன் நேர்ந்தது, கடைசியில் மறுநாள் வேலை. மாலை வகுப்பு ஆசிரியை சொல்லிக்கொடுத்த முறை இது. எதிரே ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்பதாக நினைத்துக்கொண்டு எழுதினால் வாக்கியம் நேராக வரும் என்பார். எனக்கு இன்னும் கோணலாகத்தான் வருகிறது. இன்று பொறுமையாக எழுதிப் பார்க்கிறேன்.

தவறு ஏன் நேர்ந்தது என்றால், என் கவனம் டீயில் இல்லை. வந்தவர் எறும்பின் அம்மா.

எறும்பு என்பது எங்கள் நிறுவனத்தின் கணினி விளையாட்டில் ஒரு பையன் வைத்துக்கொண்ட பெயர். கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவன். போன மாதத்திலிருந்து அவனைக் காணவில்லை.

அந்த விளையாட்டுக்குக் கதை எழுதுகிறவள் நான். கதை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எந்தக் கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறது, எந்த வாள் யாருடையது, இப்படி. அதில் பளிங்கர் என்றொரு மக்கள் வருகிறார்கள். கண்ணாடியில் கோபுரம் கட்டியவர்கள், செம்பில் பறவை செய்து பறக்கவிட்டவர்கள், மழையைக் குழாயில் பிடித்து வேண்டிய தெருவில் மட்டும் பெய்யவைத்தவர்கள். ஒரே இரவில் காணாமல் போனார்கள். அவர்களுடைய நகரத்துக்குள் போனால் மேசைமேல் தட்டுகள் வைத்தபடி இருக்கும். நாற்காலிகள் பாதி இழுத்தபடி இருக்கும். ஆட்கள் மட்டும் இருக்க மாட்டார்கள்.

அவர்கள் போன காரணம் எனக்குத் தெரியும். ஆட்களை வரைய வேண்டிய ஓவியர் பாதியில் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். வீடுகள் தயார், வீட்டுக்காரர்கள் தயாரில்லை. வெளியீட்டுத் தேதியைத் தள்ளிப்போட முடியாது. முதலாளி என் மேசைக்கு வந்து, "ஆளு இல்லன்னா என்னம்மா, ஊரை விட்டுப் போயிட்டாங்கன்னு எழுதிடு. ஜனங்களுக்கு மர்மம்னா பிடிக்கும்" என்றார். சாப்பாட்டு நேரம் என்பதால் நின்றபடியே எழுதினேன். 'அவர்கள் போனார்கள். ஏன் என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை.'

என் வாழ்க்கையில் நான் எழுதியவற்றில் ஊர் முழுக்கப் படித்தது அது ஒன்றுதான். ஒருவர் கையில் பச்சை குத்திக்கொண்டார். ஒரு ஜோடி கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்தார்கள்; ஏன் என்று எனக்கும் புரியவில்லை. பளிங்கர் எங்கே போனார்கள் என்று ரசிகர்கள் இணையத்தில் ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டார்கள். நோய் என்றார்கள், வேறு உலகத்துக்கு வாசல் என்றார்கள். என் மாலை வகுப்பில்கூட ஆசிரியை அந்த வரியைப் படித்துக் காட்டினார், என்னுடையது என்று தெரியாமல். ஒன்றும் தெரியாதவர் நிறையத் தெரிந்தவர்போல் காட்டிக்கொள்வதற்கு நல்ல உதாரணம் என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டேன்.

எறும்பு அதற்குப் பிறகுதான் வந்தான். விளையாட்டுக்குள் 'காவலர்' என்றொரு கிழவர் பளிங்கர் நகரத்து வாசலில் உட்கார்ந்திருப்பார். ரசிகர்கள் கேள்வி கேட்டால் காவலரின் வாயால் சில சமயம் நான் பதில் சொல்வேன். அந்தப் பேச்சு எங்கும் பதிவாகாது. மற்றவர்கள் காவலரை வணங்குவார்கள். எறும்பு மட்டும், "உள்ள இருக்கிறது நீங்கதானே, கதை எழுதுற அக்கா?" என்றான். எப்படித் தெரியும் என்று கேட்டேன். முதலாளியாக இருந்தால் இதற்குள் ஏதாவது விற்கப் பார்த்திருப்பார் என்றான்.

பெயருக்கேற்றபடி அவன் நகரத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தான். ஒருநாள் காவலரிடம் இப்படிச் சொன்னான்: "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எல்லா வீட்லயும் தட்டு இருக்கு, ஒரு வீட்லயும் அடுப்பு இல்ல. கக்கூஸ் இல்ல. படுக்க ஒரு பாய் கூட இல்ல. இவங்க காணாமப் போகல. இவங்க இருந்ததே இல்ல. சரிதானே?"

அவனே தொடர்ந்தான். இதைப் படங்களோடு ரசிகர் தளத்தில் போடப் போகிறானாம். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள் என்றான். பிறகு, "நீங்க வேணாம்னா போடல. உண்மைய மட்டும் சொல்லுங்க, போதும்" என்றான்.

இங்கே ஒன்றை நேர்மையாக எழுத வேண்டும். அவன் மோசமான பையன் இல்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பான், வெளியே சொல்லியிருக்கவும் மாட்டான். ஆனால் அவனுக்குத் தெரிந்திருக்கும். பளிங்கர் என்று யாரும் இல்லை, நான் ஒன்றும் எழுதவில்லை என்பது தெரிந்த ஒருவன் எங்கேயோ உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான். யோசித்துப் பார்த்தேன், என்னால் முடியவில்லை.

அதனால் அவனுக்கு ஒரு பதில் கொடுத்தேன். எங்கள் தொழிலில் சுவர்களை முழுவதும் கையால் வரைவதில்லை. நிஜச் சுவரைப் படம் எடுத்து விளையாட்டுச் சுவர்மேல் ஒட்டுவோம். இரண்டாம் பாகத்துக்காக நானும் புது ஓவியரும் ஊருக்கு வெளியே மூடிக்கிடக்கும் ஒரு நீரேற்று நிலையத்துக்குப் போயிருந்தோம். பாசி பிடித்த பச்சைச் சுவர்கள், நடுவில் ஆழமான நிலத்தடித் தொட்டி, அதன்மேல் மரத்தால் ஒரு மூடி. ஓவியர் அதில் ஏறி நின்று படம் எடுத்தபோது உளுத்துப்போன மரம் உடைந்து அவர் கால் முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. கைகொடுத்துத் தூக்கினேன். "காலையில இன்னும் ரெண்டு இட்லி தின்னிருந்தா நானும் பளிங்கரோட போயிருப்பேன்" என்றார். ஓட்டையின்மேல் ஒரு சாக்கை இழுத்துப் போட்டுவிட்டு வந்தோம்.

காவலரின் வாயால் எறும்பிடம் சொன்னேன்: பளிங்கர் இருந்தார்கள், அவர்கள் போன வழி இரண்டாம் பாகத்தில் வருகிறது, அந்த இடம் நிஜத்திலும் இருக்கிறது, உனக்கு மட்டும் முன்னதாகக் காட்டுகிறேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்றேன். பளிங்கரைப்போல எதையும் எடுத்துக்கொள்ளாமல் போக வேண்டும், போனையும்தான் என்றேன். அவன், "அப்ப நான் நெனச்சது தப்பா அக்கா? நல்லவேளை" என்றான். அவன் குரலில் இருந்தது சந்தோஷம் என்றே நினைக்கிறேன். எழுத்தில் வந்த பேச்சுக்குக் குரல் ஏது; இதைத் திருத்த வேண்டும்.

நிலையத்துக்கு வழி சொல்வது எளிதாக இருந்தது; அங்கே நிற்க வேண்டிய இடத்தை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது. முதலில் 'மூடியின்மேல் நின்று பார்' என்று எழுதினேன். மூடி என்றால் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தோன்றும். 'மேடை' என்று மாற்றினேன். 'சாக்கு விரித்த மேடையின் நடுவில் நின்று, எதிரே உள்ள பச்சைச் சுவரை அசையாமல் பார்.' வகுப்பில் படித்துக் காட்ட முடியாது என்பதுதான் வருத்தம். நான் எழுதியதில் தேவையற்ற சொல் ஒன்றுகூட இல்லாத வாக்கியம் அது.

அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. எனவே என்ன நடந்தது என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதுவது குற்றம் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார்.

அவனைக் காணவில்லை என்று தெரிந்ததும் ரசிகர்கள், பளிங்கர் போன வாசலை எறும்பு கண்டுபிடித்துவிட்டான் என்று முடிவு செய்துவிட்டார்கள். பளிங்கர் நகரத்தில் இப்போது முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு கூட்டம். நாம் ஆமாம் என்றும் சொல்ல வேண்டாம், இல்லை என்றும் சொல்ல வேண்டாம் என்று முதலாளி எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். போலீஸ்காரர் ஒருவர் வந்து கேட்டதற்கு, கெட்டிக்காரப் பையன், நிறையக் கேள்வி கேட்பான் என்றேன். அது உண்மைதான்.

இன்று அந்த அம்மா வந்தார். துணிக்கடையில் வேலை செய்கிறாராம், அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்திருந்தார். மகனுக்கு இங்கே எறும்பு என்று பெயர் என்றதும், "எறும்பா? வீட்ல குடிச்ச டம்ளரை எடுத்து வெச்சதில்ல" என்று சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் வாய் அப்படியே இருந்தது. போலீசில், வயசுப் பையன், எங்கேயாவது போயிருப்பான், வருவான் என்கிறார்களாம். சொந்தக்காரர்கள், ஏதாவது பெண் விவகாரமாக இருக்கும் என்கிறார்களாம். "அவன் வெளியவே போகாதவன்மா. எப்பப் பாரு இதுக்குள்ளதான் இருப்பான். இதுல எப்படி நடக்கிறதுன்னு எனக்குக் காட்டித் தர்றியா?"

என் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, அவர் விரல்மேல் என் விரலை வைத்து நடக்கக் கற்றுக்கொடுத்தேன். சுவரில் முட்டிக்கொண்டே இருந்தார். முட்டும்போதெல்லாம் "மன்னிச்சுக்கோங்க" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். ஒருவழியாக ஒரு வீட்டுக்குள் நுழைந்தோம். மேசையையும் தட்டுகளையும் வெகுநேரம் பார்த்தார்.

"தட்டு எடுத்து வெச்சிருக்காங்களே. அப்போ யாரோ சாப்பிட வரப்போறாங்கன்னுதானே அர்த்தம்?"

இத்தனை ஆண்டுகளில் ரசிகர் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. நான் அதைக் குறித்துக்கொண்டேன். இரண்டாம் பாகத்துக்கு உதவும். பிறகு அவர் கேட்டார், மகன் இங்கே அம்மாவுக்கென்று ஏதாவது எழுதி வைத்திருப்பானா என்று. தேடினால் கிடைக்கலாம் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருக்கணும்மா" என்றார். நாளையும் வரச் சொல்லியிருக்கிறேன். வெளியே வெயிலில் அலைந்து ஊர் ஊராகத் தேடுவதைவிட இங்கே நிழலில் உட்கார்ந்து தேடுவது அவர் உடம்புக்கு நல்லது. ஒருவருக்கு என்னால் ஆன உதவி.

நாளை வேலை: பளிங்கர் வீட்டுச் சுவரில், அந்த அம்மாவின் கண்ணுக்கு மட்டும் படும்படி, எறும்பு எழுதியதுபோல் ஒரு வரி எழுத வேண்டும். அதற்கு முன், மகன் அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவான் என்று அவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.