உள்ளே இருந்ததெல்லாம்

“தூசியத் தொடைக்கச் சொன்னா மனுசனையே தொடச்சிட்டேன் மச்சான்.”

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பேருந்தில், முன்சீட்டிலிருந்து இது காதில் விழுந்ததும் என் தூக்கம் போயிற்று. கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையின் நீலச்சட்டை போட்ட இருவர். பேசியவன் மடியில், துண்டு சுற்றிய சி.பி.யூ.

“யார்துடா?”

“சிலைப் பட்டறை அக்காது. உள்ள இருக்கறத எல்லாம் எடுத்துடு தம்பி, சுத்தமா கிளீன் பண்ணிடுன்னாங்க. நம்ம கடைல கிளீன்னா இன்னா? ஃபார்மட்தானே? அடிச்சிட்டேன். அவங்க சொன்னது கல்லுத் தூசிய.”

“உள்ள இன்னா இருந்துச்சு?”

“செத்துப்போன அவங்க வூட்டுக்காரரு பேசுன வீடியோ.”

“ரிகவரி?”

“போட்டுப் பாத்துட்டேன். ஒண்ணும் வரல.”

“டெய்லி காலைல கடை ஸ்டேட்டஸ்ல ‘பேக்கப் எடுங்க மக்களே’ன்னு போடுறியே, நீ எடுத்தியாடா?”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். திருக்கழுக்குன்றத்து மலை ஒருமுறை தெரிந்து, திரும்பி, காணாமல் போனது. அவன் போன் அடித்தது. இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்திருந்ததால், நண்பன்தான் ஸ்பீக்கரில் போட்டு அவன் முகத்தருகே நீட்டினான்.

“தம்பி, தூசி போயிடுச்சா?”

“போச்சுக்கா.”

“அப்பாடா. அவரு பேச ஆரம்பிச்சாலே பொட்டி இரைஞ்சி நின்னுடும். இனிமே நிக்காம ஓடும்ல?”

நண்பன் போனை அணைக்கப் போனான். அவன் வேண்டாமென்று தலையாட்டினான்.

“வீடியோவே இல்லக்கா. எல்லாத்தையும் நான் அழிச்சிட்டேன்.”

அந்தப் பக்கம் கல் அறுக்கும் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.