பதியாமல் விட்ட பெயர்

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. உங்கள் காகிதமெல்லாம் பறக்கிறது. நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன். நிதானமாகச் சொல்கிறேன், நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் முடிவுகளை மெசேஜில் அனுப்புவது என் வேலை. வாங்குகிறவர் போனில் எண் தெரியாது, நிலையத்தின் பெயர்தான் மேலே வரும். அந்தப் பெயரைப் பார்த்தாலே ஜனங்களுக்கு ஒரு தெம்பு. ஆனால் யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரை வேண்டுமானாலும் போட்டு அனுப்பலாம் என்பது பலருக்குத் தெரியாது. அதற்கென்றே இணையதளங்கள் இருந்தன. திருடர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. அதனால்தான் புதுச் சட்டம் போட்டார்கள். ஒவ்வொரு நிறுவனமும் கெடுவுக்குள் தன் பெயரைப் பதிய வேண்டும். பதிந்த பிறகு அந்தப் பெயரில் அந்த நிறுவனம் மட்டும்தான் அனுப்பலாம். பதியாத பெயரில் அனுப்பினாலும், பதிந்த பெயரை வேறு யார் போட்டு அனுப்பினாலும் மெசேஜின் தலையிலேயே ‘இது மோசடியாக இருக்கலாம்’ என்று வந்துவிடும்.

டாக்டர் அந்தப் பொறுப்பை என்னிடம் விட்டார். “நீங்க பாத்துக்கிட்டா எனக்குக் கவலையில்ல” என்றார். நல்ல மனுஷர். நிலையத்தின் பத்திரம், பொறுப்புக் கடிதம், மாதிரி மெசேஜ்கள் எல்லாம் தயார் செய்தேன். கடைசியில் ஒரு பட்டனை அழுத்துவதுதான் பாக்கி. அழுத்தவில்லை. டாக்டர் கேட்டபோது, “அனுப்பியாச்சு, அவங்க பக்கம்தான் தாமதம்” என்றேன்.

கெடு முடிந்தது. எங்கள் மெசேஜ் எல்லாமே மோசடி என்ற பட்டத்தோடு போயின. போன் ஓயவில்லை. எல்லோருக்கும் ஒரே கேள்வி, “இது நெசமா?” கேட்டுக் கேட்டுத் தலை வலித்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் பக்கத்துத் தெருத் தையல்காரருக்கு, உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லி மெசேஜ் போனது. அவர் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார். அப்புறம் அழித்துவிட்டாராம். “காலையில ரத்தத்தை எடுத்தானுங்க, சாயங்காலம் பணத்தையும் எடுக்கப் பாக்குறானுங்கன்னு சொல்லிச் சிரிச்சாரும்மா” என்று அவர் மனைவி வந்து சொன்னாள். மறுநாள் விடிவதற்குள் அவர் உயிர் போய்விட்டது.

சோம்பலில் விட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். நான் சோம்பேறி இல்லை.

எனக்கு ஓர் அக்கா. ஒரே வீட்டில் இருக்கிறோம். ஒரு வருஷமாக அவள் ரத்தம் சரியில்லை. நிலையத்தில் அவள் பெயருக்கு நேரே என் எண்ணைக் கொடுத்திருந்தேன், உண்மையான முடிவு எனக்கு வந்துவிடும். அவளுக்கு நான் தனியாக, அப்படி ஓர் இணையதளத்திலிருந்து நிலையத்தின் பெயரைப் போட்டு, ‘எல்லாம் சரியாக உள்ளது’ என்று அனுப்புவேன். கண்ணாடியைத் தேடி எடுத்து வாய்விட்டுப் படிப்பாள். “பாத்தியாடி, இரும்பு மாதிரி இருக்கேன். நீதான் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு அலையுற.” அன்று எங்கள் இரண்டு பேருக்கும் சாப்பாடு நன்றாக இறங்கும்.

பெயரைப் பதிந்துவிட்டால் நிலையத்தின் மெசேஜ் சுத்தமாக வரும். என்னுடையது மட்டும் மோசடி என்று வரும். கீழ்வீட்டுக்காரியும் எங்களிடம்தான் சோதித்துக்கொள்கிறாள். இரண்டு பேரும் போனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தீர்ந்தது. எல்லோருக்கும் மோசடி என்றே வந்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அப்படித்தான் நடந்தது. அக்காவே கீழ்வீட்டுக்காரிக்குத் தைரியம் சொன்னாள். “அது கவர்மெண்டுக்காரன் பண்ற கூத்து. நமக்கு வர்றது நெசம்தான்டி.”

இப்போது போன் சும்மா கிடந்தாலும் மேஜை அதிர்வது போல இருக்கிறது. கவிழ்த்து வைத்தால் இன்னும் பலமாக. முந்தாநாள் அக்கா, “எடுத்துத்தான் பேசேன், பாவம், எத்தனை நேரமா அடிக்குது” என்றாள். எடுத்துப் பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்கு நடந்துகொண்டிருந்தாள்.

அவளை உடனே மருத்துவமனையில் சேர்க்கச் சொல்லி எனக்கு மெசேஜ் வந்து ஒரு மாதம் ஆகிறது. அவளுக்கு நான் வழக்கம் போலத்தான் அனுப்பினேன்.

உங்களிடம் ஒரே ஓர் உதவி, அம்மா. வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிடாதீர்கள். அவள் பயந்த சுபாவம். அந்தப் பயம் அவளை அண்டக் கூடாது என்றுதான் இத்தனையும் செய்தேன். எனக்கென்று ஒன்றும் இல்லை. முதல் தடவை ரத்தம் கொடுத்துவிட்டு வந்தபோதே சொல்லிவிட்டாள், “ஏதாவது வியாதின்னா மகன்கிட்ட போயிடுவேன்டி, உனக்குப் பாரமா இருக்க மாட்டேன்.” சொன்னதைச் செய்கிறவள் அவள்.

அவன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டால், நான் கதவைத் திறக்கும்போது ‘வந்துட்டியா’ என்று கேட்க யார் இருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.