பத்திரமாக இருந்த வயலின்

நல்ல காதை வைத்துக்கொண்டு யாரும் எங்கள் மையத்துக்கு வருவதில்லை. என் தம்பி ஒருவன்தான் வருவான். வருடத்துக்கு ஒரு தடவை, சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து, பள்ளிக்கூடத்துப் பையன் போலக் கைகட்டி உட்கார்ந்திருப்பான். வயலின்காரனுக்குக் காதுதான் சோறு போடுகிறது, அதைக் கவனிக்க வேண்டாமா என்பான். கவனிக்க நான் இருந்தேன். இருபத்தாறு வருடங்களாகக் காது சோதிப்பதுதான் என் வேலை.

கூடப்பிறந்தவனுக்கு இதைச் செய்ய எப்படி மனம் வந்தது என்று நேற்று விசாரணையில் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். அதற்கு வயலினிலிருந்து தொடங்க வேண்டும்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா வாங்கித் தந்த வயலின் அது. முகவாய் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், விளிம்பில், இரண்டு பல் தடங்கள் இருக்கும். கைக்கு வராத ஒரு பாடத்தை நாள் முழுக்க வாசித்துவிட்டு, ஆத்திரம் தாங்காமல் நான் கடித்தது. அப்பா அடிக்கவில்லை. “இனிமே இதை யாராலயும் திருட முடியாது” என்று சிரித்தார். தம்பி என்னைவிட ஐந்து வயது சின்னவன். நான் வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே பாதி கற்றுக்கொண்டுவிட்டான். எனக்குப் பத்தொன்பது வயதாகும்போது அப்பா படுக்கையில் விழுந்தார். ஒருவர் வேலைக்குப் போக வேண்டும், ஒருவர் வாசிக்கலாம் என்று ஆயிற்று. அவனுக்கு என்னைவிடக் கை நன்றாக ஓடும். அதை நானே முதலில் சொன்னேன்.

“உனக்குன்னு ஒண்ணு வாங்கினதும் இதை எனக்குத் திருப்பிக் குடுத்துடணும்டா” என்றேன்.

“சத்தியமா அக்கா” என்றான்.

தனக்கென்று ஒன்று வாங்கினான். என்னுடையதைத் தரவில்லை. “உன் வீட்டுச் செவுரெல்லாம் ஈரம் அக்கா, மரம் வீங்கிடும். இங்கயே பத்திரமா இருக்கட்டும்” என்றான். என் வீட்டுச் சுவர்கள் ஈரமானவைதான், அதனால் ஒப்புக்கொண்டேன். அதற்குப் பிறகு எப்போது பேசினாலும், என் வயலின் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் போனை வைப்பேன். பத்திரமா இருக்கு என்பான். எடுத்துக் காட்டு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. தம்பியிடம் போய் யாராவது ரசீது கேட்பார்களா?

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பெரியவர் சோதனைக்கு வந்தார். இசைக்குழு ஒன்றில் வாசிப்பவர். வயலின் பெட்டியை வெளியே வைக்க மனமில்லாமல் உள்ளேயே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். எந்தச் சத்தம் கேட்கவில்லை என்று காட்டுவதற்காகப் பெட்டியைத் திறந்தார். விளிம்பில் என் பற்கள் இருந்தன.

எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

“வாங்கலம்மா. என்கிட்ட அருமையான வில் ஒண்ணு இருந்துச்சு. ஒரு பையன் அது வேணும்னு நச்சரிச்சு எடுத்துட்டான். அதுக்குப் பதிலா இதைக் குடுத்தான். பதினெட்டு வருஷம் இருக்கும். இப்ப அவன் பெரிய ஆளு.”

அவருடைய சோதனையைக் குறை வைக்காமல் செய்து முடித்தேன். வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்த்தேன். பதினெட்டு வருடங்கள் அவனுடைய கச்சேரிகளில் முதல் வரிசையில் உட்கார்ந்து, அந்த வில்லைப் பார்த்துக் கை வலிக்கத் தட்டியிருக்கிறேன். தேவை என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன்.

அடுத்த மாதம் அவனுக்கு வருடாந்திரச் சோதனை. அன்று அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். ஹெட்போனை மாட்டுவதற்கு முன், எப்போதும் போல, “என் வயலின் எப்படிடா இருக்கு?” என்று கேட்டேன்.

“பத்திரமா இருக்கு அக்கா. போன வாரம்கூட எடுத்து நல்லாத் தொடச்சு வச்சேன்.”

பத்திரமா இருக்கு என்பதோடு நிறுத்தியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன். தொடச்சு வச்சேன் என்றான், வாய் கூசாமல்.

அவனைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். சத்தம் கேட்கிறபோதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் சோதனை. எறும்பு நடந்தால் கேட்கிற காது அவனுக்கு. ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. ஆனால் எங்கள் மையத்தில் சார்ட்டில் புள்ளி வைப்பது கைதான். காது மோசமாக ஆக ஆகப் புள்ளி கீழே இறங்கும். நான் கீழே தள்ளித் தள்ளி வைத்தேன்.

“எனக்கு நல்லாத்தானே கேக்குது?” என்றான்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. இப்பவே காது மெஷின் போட்டா மிச்சத்தைக் காப்பாத்தலாம்” என்றேன். அழுதான். தோளில் தட்டிக் கொடுத்தேன்.

மெஷினில் சத்தம் எவ்வளவு போக வேண்டும் என்பதை நாங்கள் கம்ப்யூட்டரில் வைப்போம். நல்ல காதுக்குப் போகக் கூடாத அளவை வைத்தேன். நாளுக்கு ஆறு மணி நேரம் சாதகம் செய்கிறவன், அதைப் போட்டுக்கொண்டுதான் செய்தான். சத்தம் தாங்கவில்லை, காதுக்குள் விசில் அடிக்கிறது என்றான். முதலில் அப்படித்தான் இருக்கும், கழற்றினால் இருப்பதும் போய்விடும் என்றேன். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினான். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவான். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன்.

பதினாறாவது மாதம் மறுபடி சோதித்தேன். அன்று எதையும் மாற்றி எழுத வேண்டியிருக்கவில்லை. வந்த புள்ளிகளை வந்தபடியே வைத்தேன். முதல் நாள் நான் கையால் போட்ட கோட்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வேலையில் சுத்தம் எனக்கு முக்கியம்.

அதன் பிறகுதான் அவன் மனைவி அவனை வேறு மையத்துக்குக் கூட்டிப் போனாள். நான் சத்தத்தைக் கூட்டியதாக மெஷினில் பதிவாகியிருந்த தேதிகளை உங்களுக்குக் கொடுத்ததும் அவள்தான். எல்லாத் தேதிகளும் சரி. நான்தான் செய்தேன், தெரிந்தே செய்தேன். என்னை ஏமாற்றியவன் அவன் என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொண்டால் போதும்.

நீங்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் தம்பி என் வீட்டுக்கு வந்தான். அவனுக்கு அப்போது எதுவும் தெரியாது, அந்த மையத்தில் சொன்னதை மனைவி அவனிடம் சொல்லியிருக்கவில்லை. கையில் பெட்டி. மெஷின் இரண்டையும் கழற்றி மேசைமேல் வைத்தான். அது இல்லாவிட்டால் கதவை அறைந்தால்தான் அவனுக்குக் கேட்கும்.

“உன்கிட்ட பொய் சொல்லிட்டேன் அக்கா” என்று கத்திப் பேசினான். தன் குரலே கேட்காதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். “உன் வயலினைச் சின்ன வயசுல குடுத்துட்டேன். சொல்ல பயமா இருந்துச்சு. இப்ப என்னோடதைக் குடுத்துட்டு உன்னோடதை வாங்கிட்டு வந்துட்டேன். எனக்கு இனிமே எதுக்கு? வாசி அக்கா.”

எடுத்தேன். முப்பது வருடத்துக்கு மேலாகத் தொடாத கை. விரல் ஓர் இடத்திலும் சரியாக விழவில்லை. துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி வந்தது சத்தம். அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

“எவ்வளவு நல்லா இருக்கு அக்கா” என்றான்.

பார்த்துக்கொள்ளுங்கள். அப்போதுகூட அவனுக்கு என்னிடம் உண்மை சொல்ல வாய் வரவில்லை.